தமிழாசிரியர் ஆவது எப்படி? சிங்கப்பூர் காட்டும் வழி



சென்ற ஆண்டின் இறுதித் தவணையில் ஒரு நாள், ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி நம் அலுவலக வாயிலில் வந்து தயங்கி நின்றாள். அவள் தந்தையார் நாள்தோறும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் சென்று உழைத்துத் திரும்புகிறவர். "ஐயா, நான் சிங்கப்பூரில் தமிழாசிரியை ஆக வேண்டும். தமிழ் நன்றாகத் தெரிந்தால் போதும் என்று எதிர்வீட்டு அக்காள் சொல்கிறார். அது மெய்தானா?" என்று கேட்டாள்.

நமக்குச் சட்டென்று விடை கூற இயலவில்லை. "கேட்டுச் சொல்கிறோம் அம்மா" என்று அனுப்பி வைத்தோம். கேட்ட பிள்ளைக்கு விடை கூறாதிருத்தல் ஆசிரியருக்கு அழகன்று. ஆதலின் பள்ளி விடுமுறையில் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் சென்றோம். 1924-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் அக்கரையில் ஆசிரியர் ஆகும் முறைக்கும் இக்கரையில் ஆசிரியர் ஆகும் முறைக்கும் உள்ள தொலைவு அதனினும் மிகுதி என்பதை அங்கே உணர்ந்தோம். அறிந்தவற்றை அம்மாணவிக்கு மட்டுமன்றி எல்லார்க்கும் பயன்படுமாறு இம்மலரில் எழுதுகிறோம்.

தேக்காவில் ஒரு சந்திப்பு

நம் பள்ளியின் பழைய மாணவி ஒருவர் திருமணமாகிச் சிங்கப்பூரில் குடியேறி, இன்று அங்கே தொடக்கப்பள்ளித் தமிழாசிரியையாகப் பணியாற்றுகிறார். அவர் நம்மைத் தேக்கா அங்காடிக்கு அருகில் சந்தித்தார். தேநீர் அருந்தியபின் சிராங்கூன் சாலை வழியே நடந்தோம். பூக்கடைகளையும் நகைக்கடைகளையும் கடந்து சென்றபோது, "ஐயா, இந்த வட்டாரத்தை வெறும் கடைத்தெரு என்று எண்ணிவிடாதீர்கள். இது நம் ஆசிரியர்களின் பழைய ஊர்" என்றார் அவர்.

அஃது உண்மையே. நாரிஸ் சாலையில் இராமகிருஷ்ண இயக்கத்தார் விவேகானந்தர் தமிழ்ப்பள்ளி, சாரதாமணி தமிழ்ப்பள்ளி ஆகிய இரண்டினையும் நடத்தி வந்தனர். கடையநல்லூரிலிருந்து குடியேறிய முஸ்லிம் பெருமக்கள் 1946-ஆம் ஆண்டில் உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளியைத் தோற்றுவித்தனர். பின்னர் உயர்நிலைப்பள்ளியாகவும் வளர்ந்த அப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது. சிங்கப்பூரில் தமிழையே பயிற்று மொழியாகக் கொண்டிருந்த கடைசிப் பள்ளி அதுவே. ஆயினும் பெயர் அழியவில்லை. மறு ஆண்டிலேயே உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் தோன்றியது. இன்று அது சிராங்கூன் சாலைக்கு அண்மையில் உள்ள பீட்டி சாலையில் இயங்குகிறது. தம் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் அங்கே வந்து பயில்கின்றனர். தமிழாசிரியர்கள் தம் திறனை வளர்த்துக்கொள்ளும் இடமாகவும் அது விளங்குகிறது.

பழங்காலத்து ஆசிரியர்

முன்னாளில் சிங்கப்பூரில் தமிழ் கற்பித்தவர் யார்? 1834-ஆம் ஆண்டில் தொடங்கிய சிங்கப்பூர் இலவசப் பள்ளியில் ஒரு தமிழ் வகுப்பும் இருந்தது. அது நெடுநாள் நீடிக்கவில்லை. பிற்காலத்தில் கோயிலை அடுத்தும், சங்கக் கட்டடங்களிலும், தோட்டங்களிலும் சிறு சிறு பள்ளிகள் தோன்றின. எழுதப் படிக்கத் தெரிந்தவர் எவரோ அவரே ஆசிரியர் ஆனார். பகலில் கணக்கு எழுதியவர் மாலையில் அரிச்சுவடி கற்பித்ததும் உண்டு. அவர்தம் தொண்டினை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்கள் இல்லையேல் நம் முன்னோர் பலர் கையெழுத்தும் இட்டிருக்க மாட்டார். ஆயினும் அந்நாளில் ஆசிரியருக்கு முறையான பயிற்சி இல்லை என்பதையும் மறைத்தல் கூடாது.

அரசாங்கம் இதனை ஒழுங்கு செய்யத் தொடங்கியது 1920-ஆம் ஆண்டின் பள்ளிப் பதிவுச் சட்டத்தினால் ஆகும். பள்ளியும் அதன் ஆசிரியரும் அரசிடம் பதிவு பெறவேண்டும் என்னும் விதி அப்பொழுது வந்தது. பின்னர் 1957-ஆம் ஆண்டில் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில், எல்லாக் கட்சியினரும் அடங்கிய குழு ஒன்று நான்கு மொழிப் பள்ளிகளையும் சரிநிகராக நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. தமிழ்ப்பள்ளியும் அந்நான்கினுள் ஒன்றாக எண்ணப்பட்டது. இன்று சிங்கப்பூரின் அரசியல் சட்டம் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் அதிகாரத்துவ மொழிகளாக ஏற்கிறது. 1960-இல் தொடக்கப்பள்ளிகளிலும் 1966-இல் உயர்நிலைப்பள்ளிகளிலும் இரண்டாம் மொழி கட்டாயப் பாடமாயிற்று. 1987-இல் எல்லாப் பள்ளிகளுக்கும் ஆங்கிலமே முதல்மொழி என்னும் நிலை உருவாயிற்று. தமிழ்ப்பள்ளி இல்லாதொழிந்தது. ஆனால் தமிழ்ப்பாடம் நிலைபெற்றது. பள்ளியே தமிழாய் இருந்த காலத்தில் பல ஆசிரியர் பங்கிட்டுச் சுமந்த பொறுப்பு, இன்று தமிழ்ப்பாட வேளையின் ஆசிரியர் தோளில் வந்து நிற்கிறது.

ஆசிரியர்களும் கைகட்டி நிற்கவில்லை. 1951-இல் சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கத்தை அமைத்தனர். தமிழ் முரசு இதழை 1935-இல் தொடங்கிய தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று மக்களிடம் நிதி திரட்டினார். உழைப்பாளர் கொடுத்த சிறு தொகையும் அந்நிதியிலே சேர்ந்தது. ஆசிரியர் உயர்கல்வி பெறாமல் மாணவர் உயர்தல் இயலாது என்பதை அப்பெருமகனார் நன்கு அறிந்திருந்தார்.

பயிற்சிக் கல்லூரியின் வரலாறு

சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1950-இல் நிறுவப்பட்டது. அது 1973-இல் கல்விக் கழகம் ஆயிற்று. 1991-இல் உடற்கல்விக் கல்லூரியும் அதனோடு இணைந்து, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாகத் தேசியக் கல்விக் கழகம் மலர்ந்தது. புக்கிட் தீமா சாலையில் இருந்த அக்கழகம் பின்னர் ஜூரோங் வட்டாரத்துப் பல்கலைக்கழக வளாகத்திற்கு இடம் மாறியது. அரசுப் பள்ளிகளில் பணியாற்ற விரும்புவோர் பயிற்சி பெறும் இடம் இதுவே. தமிழாசிரியரும் சீன, மலாய், ஆங்கில ஆசிரியரும் ஒரே வளாகத்தில் பயில்கின்றனர்.

படிப்படியாகச் செல்லும் வழி

இனி அம்மாணவியின் கேள்விக்கு வருவோம்.

முதற்படி, அடிப்படைக் கல்வி. உயர்நிலைப்பள்ளியை முடித்து, தொடக்கக் கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ தேறியிருத்தல் வேண்டும். தமிழைப் பாடமாக எடுத்து நல்ல தேர்ச்சி பெற்றிருத்தல் வேண்டும். தமிழில் ஆழ்ந்து கற்க விழைவோர்க்குத் தொடக்கக் கல்லூரி நிலையில் தமிழ் விருப்பப்பாடத் திட்டம் 2020-இல் தொடங்கப்பட்டது. பட்டம் பெற விழைவோர் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி இலக்கியப் பட்டப்படிப்பினைப் பயிலலாம். ஆங்கிலத்தையும் கைவிடலாகாது. பள்ளியின் கூட்டங்களும் குறிப்புகளும் ஆங்கிலத்திலேயே நிகழ்வன.

இரண்டாம்படி, விண்ணப்பம். இங்குதான் பலர் தவறாக எண்ணுகின்றனர். முதலில் பயிற்சி பெற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, அதன்பின் வேலை தேடுவது அங்குள்ள முறையன்று. முதலில் கல்வி அமைச்சுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அமைச்சு தகுதியுடையோரைத் தேர்ந்து நேர்முகத்திற்கு அழைக்கும். அங்கே தேர்வு பெற்றவரே பயிற்சிக்கு அனுப்பப்படுவர். எனவே பயிற்சிக் காலத்திலேயே அவர் அமைச்சின் ஊழியர். ஊதியமும் பெறுகிறார். கல்விக் கட்டணத்தையும் அமைச்சே ஏற்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இஃது எத்தகைய ஆறுதல் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த நாம் நன்கு அறிவோம்.

மூன்றாம்படி, பள்ளி அனுபவம். பயிற்சிக் கழகத்திற்குள் நுழையுமுன்னரே சில காலம் ஒரு பள்ளியில் வகுப்பு எடுக்க அனுப்புகின்றனர். இப்பணி தமக்கு ஒத்துவருமா என்று அவர் தம்மைச் சோதித்துக்கொள்ளவும், அவரைப் பள்ளி அறிந்துகொள்ளவும் இஃது உதவுகிறது.

நான்காம்படி, பயிற்சி. பட்டதாரிகளுக்குப் பட்டப்பின் கல்விப் பட்டயப் படிப்பு உண்டு. கல்விப் பட்டத்தையே நேராகப் பெற விரும்புவோர்க்கு நான்காண்டுப் படிப்பு உண்டு. பட்டம் பெறாத தாய்மொழி ஆசிரியர்க்கெனப் பட்டயப் படிப்பும் உண்டு. பட்டப்பின் படிப்பின் கால அளவு அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டில் அமைச்சின் அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். எப்படிப்பாயினும் உள்ளடக்கம் மூன்று வகைப்படும். பிள்ளையின் மனவளர்ச்சியையும் கற்றல் நிகழும் விதத்தையும் அறிவது ஒன்று. தமிழைக் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்னும் முறையில் கற்பிக்கும் நெறி மற்றொன்று. பள்ளிக்குச் சென்று மேற்பார்வையில் பாடம் நடத்தும் நேரடிப் பயிற்சி மூன்றாவது. இம்மூன்றாவதில் தேறாதவர் ஏட்டறிவு எவ்வளவு பெற்றிருந்தாலும் ஆசிரியர் ஆதல் அரிது.

ஐந்தாம்படி, நியமனம். பயிற்சி முடித்தோர் அமைச்சு குறிக்கும் பள்ளியில் பணியேற்கின்றனர். பயிற்சிக்குச் செலவிட்ட அரசுக்கு ஈடாகக் குறிப்பிட்ட ஆண்டுகள் பணிபுரிவதாக ஒப்பந்தம் உண்டு. பொதுவாகப் பட்டப்பின் படிப்பினர்க்கு 3 ஆண்டும், நான்காண்டுக் கல்விப் பட்டத்தினர்க்கு 4 ஆண்டும் ஆகும். புதிய ஆசிரியர்க்கு அனுபவம் மிக்க ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக அமர்த்தப்படுகிறார்.

ஆறாம்படி, தொடர்கல்வி. இஃது ஓய்வு பெறும்வரை முடியாத படி. ஆண்டுக்கு 100 மணி நேரம்வரை பயிற்சி பெற ஆசிரியர்க்கு வாய்ப்பு அளிக்கப்படுகிறது. வளர்ச்சிக்கு மூன்று பாதைகள் உள்ளன. வகுப்பறையிலேயே நின்று மூத்த ஆசிரியர், முதன்மை ஆசிரியர் என உயரும் கற்பித்தல் பாதை. தலைமையாசிரியர் பொறுப்புக்கு இட்டுச் செல்லும் தலைமைத்துவப் பாதை. பாடத்திட்டம், ஆய்வு போன்றவற்றிற்குரிய சிறப்பு வல்லுநர் பாதை. சிறந்த ஆசிரியர் அலுவலக நாற்காலிக்குப் போனால்தான் உயர்வு என்னும் நிலை அங்கில்லை. வகுப்பிலேயே நின்று உயரலாம்.

தனியார் நடத்தும் துணைப்பாட நிலையங்களும் விதிக்கு அப்பாற்பட்டவை அல்ல. பத்துப் பேரோ அதற்கு மேலோ பயிலும் தனியார் பள்ளி கல்விச் சட்டத்தின்படி அமைச்சில் பதிவு பெறவேண்டும். அங்கே கற்பிப்போரும் விதிக்கு உட்பட்டவரே.

பிற நாடுகளில்

நம் நாட்டில் எஸ்.பி.எம். தேர்வில் சிறந்த தேர்ச்சி பெற்றோர் ஆசிரியர் கல்விக் கழகத்தில் ஓராண்டு ஆயத்த வகுப்பும் நான்காண்டுப் பட்டப்படிப்பும் பயின்று, கல்விச் சேவை ஆணையத்தின் வழியாகத் தமிழ்ப்பள்ளிக்கு வருகின்றனர். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும் ஆசிரியர்களை உருவாக்குகிறது.

தமிழ்நாட்டில் ஆசிரியர் கல்விப் பட்டயமோ பட்டமோ பெற்றபின் ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த தேர்வு அது. முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஒரு தாள், ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு மற்றொரு தாள். பொதுப் பிரிவினர் 150 மதிப்பெண்ணுக்கு 90 பெறுதல் வேண்டும். இலங்கையில் மலையகத் தோட்டப் பள்ளிகளுக்கு ஆசிரியரை உருவாக்கப் பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி அமைந்துள்ளது. தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்திலிருந்தே ஆசிரியர் வரவேண்டும் என்னும் நோக்கம் போற்றற்குரியது.

வழிகள் வேறுபடினும் கருத்து ஒன்றே. மொழி தெரிந்தவர் எல்லாரும் ஆசிரியர் அல்லர்.

பயிற்சி எதற்கு?

"தமிழ் தெரிந்தால் போதாதா?" என்னும் கேள்விக்கு நம் வாழ்விலிருந்தே விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். இதனை இதுவரை எவரிடமும் கூறியதில்லை.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், பயிற்சிக் கல்லூரிக்குச் செல்லுமுன், ஒரு தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தோம். வயது இருபதும் நிரம்பவில்லை. தமிழ் நன்கு தெரியும் என்னும் செருக்கு மட்டும் நிரம்பியிருந்தது. இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுவன். பால்மரம் வெட்டும் குடும்பத்துப் பிள்ளை. கரும்பலகையில் எழுதியதை அவனால் படிக்க முடிவதில்லை. ளகரத்தையும் ழகரத்தையும் மாற்றி மாற்றி எழுதுவான். சோம்பல் என்று எண்ணினோம். ஒரு நாள் அவனை விசிப்பலகைமேல் நிறுத்தி, வகுப்பே நகைக்கும்படி பேசினோம். அவன் அழவில்லை. மறுநாள் வரவில்லை. அதன் மறுநாளும் வரவில்லை. தாயோடு மங்கு துடைக்கப் போய்விட்டான் என்றார்கள். நாமும் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஈராண்டு கழித்துப் பயிற்சிக் கல்லூரியில் ஒரு விரிவுரை. பிள்ளை படிக்கத் தடுமாறினால் முதலில் அவன் கண்ணைச் சோதியுங்கள். அடுத்துக் காதைச் சோதியுங்கள். அதன்பின் உங்கள் பாடத்தைச் சோதியுங்கள். பிள்ளையைக் குறை கூறுவது அதற்கும் பின்னரே என்றார் விரிவுரையாளர். அன்றிரவு நாம் உறங்கவில்லை. அச்சிறுவன் எப்பொழுதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பலகையைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அவனை முன்வரிசையில் அமர்த்தியிருந்தாலே போதுமாயிருந்திருக்கும். விடுமுறையில் அத்தோட்டத்திற்குச் சென்று விசாரித்தோம். அக்குடும்பம் வேறு தோட்டத்திற்குப் பெயர்ந்துவிட்டது. எங்கென்று எவரும் அறிந்திலர்.

பயிற்சி என்பதும் உரிமம் என்பதும் இதற்காகத்தான். அறியாமை மிக்க ஓர் ஆசிரியரிடமிருந்து பிள்ளையைக் காப்பது அது. அந்தத் தாள் நம் கைக்கு ஈராண்டு முன்னரே வந்திருக்குமாயின் அச்சிறுவன் படித்திருப்பான்.

இன்றைய சவால்

பீட்டி சாலையில் நின்றபடி நம் பழைய மாணவியிடம், "நேர்முகத்தில் உம்மை என்ன கேட்டார்கள்?" என்று வினவினோம். "பிள்ளை தமிழில் பேச மறுத்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள் ஐயா. இலக்கணம் கேட்பார்கள் என்று எண்ணிச் சென்றேன். ஒரு நொடி திகைத்துவிட்டேன்" என்றார்.

அக்கேள்வி வெறும் கேள்வியன்று. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர் இந்தியருள் வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவோர் 2010-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 36 பேருக்கு மேல் இருந்தனர். 2020-இல் அது 28 பேர் அளவாகக் குறைந்தது. வீட்டில் பெரிதும் ஆங்கிலம் பேசுவோர் பாதிக்கு மேல் ஆயினர். இந்தியருள் பிறமொழியாளரும் உளர் எனினும், போக்கு எத்திசையில் என்பது தெளிவு. இதனாலேயே 2005-இல் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் உரிய இடம் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. வீட்டில் தமிழ் கேளாத பிள்ளைக்கு ஆசிரியரின் வாய்மொழியே முதல் தமிழாக அமையக்கூடும். அவ்வாசிரியர் நகைத்தால் அப்பிள்ளைக்குத் தமிழே நகைத்ததாகிவிடும்.

"நீ என்ன விடை கூறினாய்?" என்றோம். "முதலில் அந்தப் பிள்ளை எதைப் பற்றிப் பேச விரும்புகிறது என்று கேட்டு அறிவேன். அதற்குரிய தமிழ்ச் சொற்களை நான் கொடுப்பேன் என்றேன் ஐயா" என்றார். நம்மிடம் பயின்ற பிள்ளை நமக்கே பாடம் கூறியது கண்டு உள்ளம் நிறைந்தது.

மாணவிக்கு நம் விடை

அன்பு மாணவியே! நீ கேட்ட கேள்விக்கு விடை இதுதான். தமிழ் தெரிந்தால் மட்டும் போதாது. ஆனால் தமிழ் தெரியாமலும் ஆகாது. இப்பொழுதே நீ செய்யத்தக்கவை சில உண்டு. நாள்தோறும் ஒரு பக்கமேனும் தமிழ் நூலை வாய்விட்டுப் படி. ஆங்கிலத்தையும் மலாயையும் அதே ஆர்வத்தோடு கற்றுக்கொள். உன் வகுப்பில் பின்தங்கிய ஒருவருக்கு வாரம் ஒரு முறை உதவு. கற்பிக்கும் பொறுமை உன்னிடம் உண்டா என்பது அப்பொழுதே தெரியும். சிங்கப்பூரில் பணியாற்ற அந்நாட்டின் குடியுரிமை, வேலை விதிகளையும் பார்க்க வேண்டும். உரிய வயதில் அவற்றை அமைச்சிடமே நேராகக் கேட்டறிக. பிறர் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்டாதே. அங்கு வாய்க்கவில்லையெனினும் வருந்தற்க. நம் நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நல்லாசிரியரை எதிர்நோக்கி நிற்கின்றன.

சிங்கப்பூரில் புதிய ஆசிரியர்க்குத் திசைகாட்டி ஒன்றினை வழங்கும் மரபு உண்டு. நம் பழைய மாணவி அதனைத் தம் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். உள்ளங்கையில் அடங்கும் சிறு பொருள். அதனைக் கையில் வாங்கியபோது, வழி தவறிப்போன அச்சிறுவனின் முகமே நம் மனத்தில் தோன்றியது. இன்றைக்கு அவனுக்கு நாற்பது வயதைக் கடந்திருக்கும். அவன் பிள்ளைகளேனும் நல்லதோர் ஆசிரியரிடம் பயின்றிருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுதல்.

இந்தப் பள்ளியிலிருந்து அத்தகைய ஆசிரியர் பலர் தோன்றுக! நற்பணி ஆற்றுக! பள்ளி வளர்க! தமிழ் வாழ்க!

தலைமையாசிரியர்